பிரேக் டீச்சர் வாசலில் நின்ற நாள்

பிரேக் டீச்சரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. இருபத்தெட்டு வருடம், காலை ஆறரையிலிருந்து வெளிச்சம் மங்கும் வரை, பயிற்சிக் காரில் மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் அவர். அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் மிதிக்க மறந்தால் டீச்சர் மிதிப்பார். மிதித்துவிட்டுத் திட்டமாட்டார். "இப்ப யாரைக் கொன்னிருப்பீங்க, சொல்லுங்க" என்று மட்டும் கேட்பார். பெயர் அப்படி வந்தது.

எழுபத்திரண்டு வயதில் அவரே சாவியைக் கீழே வைத்தார். யாரும் பிடுங்கவில்லை. சந்து முனையில் ஒரு சைக்கிள்காரர் ஒரு கை அகலத்தில் தப்பினார். டீச்சர் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, நேராகக் கண் மருத்துவரிடம் போனார். கண்ணில் அழுத்தம், பக்கவாட்டுப் பார்வை சுருங்கிவிட்டது என்றார் மருத்துவர். அடுத்த வாரமே கார் கைமாறியது.

ஊர் சுற்றத்தான் கார் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் டீச்சரின் கணவருக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணி. நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். தாமதமாகப் போனால் அந்த நேரம் நாலு மணி நேரத்திலிருந்து கழியும். அடுத்த ஆள் பதினொன்றரைக்கு வந்துவிடுவார். கழிந்த நேரத்துக்கான நீர் உடம்பிலேயே தங்கும். இரண்டு முறை அப்படியானால் அவருக்குக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். ஏழு மணி என்பது அந்த வீட்டில் கடிகாரத்தில் இருக்கும் எண் அல்ல.

கணவர் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். வியாதியைவிட மனைவியின் பதற்றம்தான் அவருக்குப் பெரிய வேடிக்கை.

"நாப்பது வருஷம் எல்லாருடைய கடிதத்தையும் அனுப்பிவெச்சேன். இப்ப என்னை அனுப்பத்தான் ஆளில்லை" என்பார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. நான் பாக்கறேன்."

பார்த்தார். முதலில் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். தங்கமான மனிதர், தானாகவே முன்வந்தார். இரண்டு தடவை கொண்டுபோய் விட்டார். முன்சீட்டில் டீச்சரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தது. வாய் "கண்ணாடியைப் பாருங்க, கிளட்ச்சில கால் வெக்காதீங்க" என்றபடியே வந்தது. மூன்றாம் தடவை அவருக்குக் கடையில் சரக்கு இறக்கும் வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த தடவையும் சரக்கு வந்தது.

அடுத்து பஸ். போகும்போது இரண்டு பஸ் மாறிப் போய்விட்டார்கள். திரும்பும்போது தலைசுற்றிக் கணவர் கம்பியைப் பிடித்தபடி சரிந்தார். கண்டக்டர்தான் தாங்கினார்.

பிறகு போனில் கூப்பிடும் டாக்சி. பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, நீங்களே ஓட்டுறீங்களா?"

"ஓட்டுவேன். கண்ணுதான் விடலை."

பின்சீட்டில் கணவர் சிரித்த சிரிப்பில் ஓட்டுநருக்கும் கோபம் போய்விட்டது. ஆனால் விடியற்காலையில் டாக்சி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. நம்பி நாள் குறிக்க முடியாது.

டயாலிசிஸ் நர்ஸ்தான் ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். வண்டி ஓட்ட முடியாத முதியவர்களுக்காக நகராட்சி நடத்தும் வேன். படியேற முடியாதவர்களுக்குச் சாய்வுப் பலகை இறக்குவார்கள். முந்தின நாள் மதியத்துக்குள் போன் செய்ய வேண்டும். வேன் வந்து ஐந்து நிமிடம் நிற்கும்; ஹாரன் அடிக்காது. ஆள் வராவிட்டால் போய்விடும். இரண்டு தடவை அப்படியானால் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். திரும்ப மேலே வர இரண்டு மாதம்.

"ஹாரன் அடிக்க மாட்டாங்களா? நல்ல பழக்கம்" என்றார் டீச்சர். அந்த விதிகளில் அவருக்குப் பிடித்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமை ஆறே கால் வேன். ஆறு மணிக்கே இருவரும் காத்திருந்தார்கள். ஆறு இருபது, ஆறரை. வேனைக் காணோம். டாக்சி கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது வீட்டு கேட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'வந்தோம். பயணி இல்லை.'

டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். எதிர்முனையில் வேன் அலுவலகத்துப் பெண், குரலில் அவசரமே இல்லை.

"வண்டி வந்துச்சும்மா. ஆறு பதிமூணு. ஆறு பதினெட்டு வரைக்கும் நின்னுருக்கு."

"வரலை. நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"எங்க நின்னீங்க?"

"நிக்க வேண்டிய இடத்துல. மேல, தண்ணித் தொட்டிகிட்ட."

"வண்டி உங்க வாசலுக்கில்ல வந்துச்சு?"

"எங்க வாசல்ல யாரும் வண்டி நிறுத்த மாட்டாங்க."

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நான்தான். இருபத்தெட்டு வருஷமா சொல்றேன்."

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். டீச்சரின் வீடு ஒரு சரிவில், வளைவு திரும்பியதும் இருக்கிறது. மேலிருந்து வரும் வண்டிக்கு அந்த வாசல் கடைசி நொடியில்தான் தெரியும். அதனால் எந்த மாணவரையும் அவர் அங்கே நிறுத்தவிட்டதில்லை. நாற்பது எட்டு மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், தொட்டியருகே சமதளம். பயிற்சிக் கார் அங்கேதான் நிற்கும். சொந்தக் காரும் அங்கேதான் நின்றது. வேன் கீழ்ப்பக்கமாக வந்து திரும்பிப் போனது அங்கிருந்து தெரியவில்லை. வேன் வேறெங்காவது நிற்கும் என்று அவர் நினைக்கக்கூட இல்லை. நினைக்க வேண்டிய விஷயமாகவே அது அவருக்குத் தோன்றவில்லை.

"சரிம்மா, வியாழக்கிழமை தொட்டிகிட்டயே வரச் சொல்லட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"சொல்லுங்க" என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை நீவிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அழுத்திய இடம் பள்ளமாகவே இருந்தது.

"இருங்க" என்று போனில் சொல்லிவிட்டுக் கணவரிடம் கேட்டார். "அந்த ஏத்தம் ஏர்றது உங்களுக்குக் கஷ்டமா?"

"எந்த ஏத்தம்?"

"தொட்டிக்குப் போற ஏத்தம்."

"நடுவுல ரெண்டு தடவை நிப்பேனே, பார்த்ததில்லையா? காக்கா பாக்கறேன்னு நினைச்சியா?"

"மூணு வருஷமாவா? ஏன் சொல்லலை?"

"சொன்னா டீச்சர் ஃபெயில் போட்டுடுவாளோன்னுதான்." கால் நீவுவதை அவர் நிறுத்தவில்லை. "நான் பிரிச்ச தபால் எல்லாம் வாசலுக்குத்தான் போச்சு. ஒண்ணுகூடத் தொட்டிக்குப் போகலை."

டீச்சர் போனைக் காதில் வைத்தார். "வாசலுக்கே வரட்டும்" என்றார். ஏற்கெனவே ஒரு தடவை தவறிவிட்டது. வியாழனும் தவறினால் இரண்டு மாதம்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு இருவரும் கேட்டருகே நின்றார்கள். கணவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேலிருந்து ஏதாவது வண்டி வருகிறதா என்று வளைவு வரை போய் எட்டிப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார்.

ஆறு பன்னிரண்டுக்கு வெள்ளை வேன் வந்தது. ஓட்டியவர் நாற்பது வயதுப் பெண்மணி. நிறுத்தியதும் நாலு பக்கமும் விளக்கு மினுக்கவிட்டு, இறங்கி, வளைவுப் பக்கம் ஓர் ஆரஞ்சு நிறக் கூம்பை வைத்தார். டீச்சர் அதைப் பார்த்தார்.

"இன்னும் பத்தடி தள்ளி வைங்க. மேலருந்து வர்றவனுக்குத் தெரியாது."

ஓட்டுநர் வளைவைத் திரும்பிப் பார்த்தார். கூம்பை எடுத்துப் பத்தடி தள்ளி வைத்தார். "சரிதாம்மா. முந்தாநாளே இங்க நிக்கப் பயந்துக்கிட்டுதான் நின்னேன்."

மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கணவர் வாசலிலிருந்து நாலே எட்டில் வண்டியேறினார்.

முதல் சாலைச் சந்திப்பில் மருத்துவமனைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வேன் இடப்பக்கம் திரும்பியது. டீச்சரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"வழி தப்பிட்டீங்க."

"இன்னொருத்தர் ஏறணும்மா. அவருக்கும் அங்கதான், ஏழு மணி."

"ஏழுக்குள்ள போயிடுமா?"

"எட்டு மாசமா போகுது. அங்க பிரேக் இல்லம்மா, கால் வலிக்கப்போகுது."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த இன்னொருவர், ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர், தன் வாசலிலேயே தயாராக நின்றிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் டீச்சர் ஒவ்வொரு சிக்னலிலும் கடிகாரம் பார்த்தார். ரயில்வே கேட் திறந்திருந்தது. மருத்துவமனை வாசலில் சாய்வுப் பலகை இறங்கியபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு முழு நாலு மணி நேரம்" என்றார். டீச்சர் தலையாட்டினார்.

பதினொன்றரைக்கு அதே வேன் வந்தது. திரும்பும்போது லிஃப்ட்காரர் இறங்கிய பிறகு டீச்சரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடும் வண்டிக்குள் அவர் கண்மூடிக் கணவரே பார்த்ததில்லை. வலது கால் செருப்பிலிருந்து நழுவி, தரையில் சும்மா கிடந்தது.

வாசல் வந்தது. கூம்பு பத்தடி தள்ளியே வைக்கப்பட்டது.

"அம்மாவை எழுப்பட்டுமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"அஞ்சு நிமிஷம் நிப்பீங்க இல்ல?" என்றார் கணவர். "அது ஆகட்டும்."