அந்த நாலு பர்சன்ட் தண்ணீர்

போன வாரம் காலை காபியில் வாய் வைக்கிறேன், மச்சானிடமிருந்து போன். "மாப்ள, ஒடனே வாடிப்பட்டிக்குக் கெளம்பி வா. திருடியப் பிடிச்சிட்டேன்!"

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோச்சடையில் வீடு, வாடிப்பட்டியில் சின்னதாக ஒரு மூலிகைக் கம்பெனி. இலைதழைகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சத்தை இறக்குவார்கள். பிறகு அந்த ஸ்பிரிட்டைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். நான் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்த பாவத்துக்கு, அங்கே எது நடந்தாலும் எனக்குத்தான் போன்.

திருடி யார்? ஸ்டெல்லா. ஒன்பது வருஷமாக அந்தக் காய்ச்சுகிற மிஷினை ஓட்டுகிறவர்.

குற்றம் என்ன? காய்ச்சிப் பிடித்த ஸ்பிரிட், அதன் சுத்தத்தை அளக்க மச்சான் புதிதாக வாங்கிய மீட்டரில் தொண்ணூற்றாறு பர்சன்ட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மீதி நாலு தண்ணீர்.

"ஸ்பிரிட்டு எழுபத்தெட்டு டிகிரில கொதிக்கும், தண்ணி நூறுல கொதிக்கும்னு நீதானே சொன்ன? அப்பறம் தண்ணி எப்புடி மாப்ள மேல ஏறி வரும்? இந்தம்மா ஸ்பிரிட்ட வித்துப்புட்டு தண்ணிய ஊத்துது!"

எனக்குச் சுருக்கென்றது. சொன்னது நான்தான். ஆனால் பாதிப் பாடம்தான் சொல்லியிருக்கிறேன்...

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் மிஷினுக்குப் பக்கத்திலேயே தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியும் கையுமாக நிற்கிறார். வேலை பார்க்கும் மற்ற பெண்கள் ஐந்து பேரும் சுற்றி நிற்கிறார்கள். ஸ்டெல்லா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். இல்லையென்றால் மிஷின் ரூம் சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டுமாம்.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டார்.

"சார், பைபிள் மேல வேணும்னாலும் கைய வைக்கிறேன், கற்பூரம் வேணும்னாலும் அணைக்கிறேன். மொதல்ல இத வெளிய கொண்டு போங்க. இம்புட்டு ஸ்பிரிட்டு இருக்கு... எல்லாரும் ஒண்ணா மோட்சத்துக்குப் போறதுக்கா?"

சொல்லுங்கள், அங்கே புத்தி யாருக்கு இருந்தது? முதலாளிக்கா?

மீதிப் பாடத்தை அப்போதுதான் நடத்தினேன். ஸ்பிரிட்டும் தண்ணீரும் ஓர் அளவு வரைக்கும்தான் பிரியும். அந்தத் தொண்ணூற்றாறு பக்கம் வந்ததும் இரண்டும் கூட்டு சேர்ந்துகொள்ளும். பானையில் எந்த விகிதமோ, ஆவியிலும் அதே விகிதம். அதற்கப்புறம் ஆயிரம் தடவை காய்ச்சினாலும் அதேதான் இறங்கும். அசியோட்ரோப் என்று பெயர். அதற்கு மேல் வேண்டுமென்றால் காய்ச்சி ஆகாது. சுட்ட சுண்ணாம்பு மாதிரி தண்ணீரை உறிஞ்சுகிற வேறு எதையாவது போட வேண்டும்.

மச்சான் நம்பினாரா? "நீ என்ன அந்தம்மாவுக்கு வக்கீலா?" என்றார்.

நமக்கெல்லாம் நூறு என்றால் ஒரு வெறி. தேன் வாங்கினால் நூறு சதவீதம் சுத்தம், பள்ளிக்கூடம் என்றால் நூறு சதவீதம் தேர்ச்சி. நாலு குறைந்தால் இயற்கையைச் சந்தேகப்பட மாட்டோம். சம்பளத்துக்கு நிற்கிற ஆளைத்தான் சந்தேகப்படுவோம்.

"எல்லாரும் வெளிய போங்க. நானே காய்ச்சுறேன்" என்று மச்சான் பனியனோடு இறங்கிவிட்டார். ஸ்டெல்லா வாசலில் வேப்பமரத்தடியில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதிப் பாடம் நடத்திய எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

முதல் தடவை தொண்ணூற்றாறு. பிடித்ததையே ஊற்றித் திரும்பக் காய்ச்சினார். தொண்ணூற்றாறு. மத்தியானச் சோற்றையும் மறந்து மூன்றாவது தடவை... அதேதான். மீட்டரைத் துடைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவரிடம் ஸ்டெல்லா எழுந்து நின்று கேட்டார்: "எம்புட்டு சார் வந்துச்சு?"

"...தொண்ணூத்தாறு."

"தண்ணி ஊத்துனீங்களா சார்?"

மச்சானுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் ஏம்மா ஊத்தப்போறேன்? வேணும்னா கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு சார்?" என்றார் ஸ்டெல்லா. "நீங்க வாயால சொன்னாப் போதும். நாங்க நம்புவோம்."

ஐந்து பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா சாவியோடு உள்ளே போய் மிஷினின் ஹீட்டரை அணைத்தார்.

மறுநாளும் அவர்தான் மிஷினை ஓட்டினார். மச்சான் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? மனசுக்குள்ளே காய்ச்சிக்கொண்டிருக்கிறார்... இன்னும் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.