தயவுசெய்து குடியுங்கோ, அண்ணை

நான் கர்ப்பமாக இருப்பது தெரியவந்த கையோடு எங்கள் பாரில் பியர் விற்பனை நின்றுபோனது. முதலாளி குணம் அண்ணை முதலில் பியர்க் குழாயைத்தான் சந்தேகப்பட்டார். கழற்றிக் கழுவிப் பூட்டிப் பார்த்தார். குழாயில் பிழை இல்லை. பிழை என் வயிற்றில் இருந்தது.

இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். மாமியார் முகநூலில் இருக்கிறார். மகள் வளர்ந்து, தான் பிறக்கும் முன்பே பாரில் நின்றவள் என்று அறிந்தால் என்ன நினைப்பாளோ என்றும் யோசித்தேன். ஆனால் பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா ஷப்பலில் வேலை தேடும் தங்கைகள் சிலர், "அக்கா, பாரிலை வேலை செய்யிறது எங்களுக்குச் சரிவருமோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். சரிவரும். எனக்கு எப்படிச் சரிவந்தது என்பதைச் சொல்கிறேன்.

எதிரெதிரே இரண்டு பார்கள்

கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் மெத்ரோ பாலத்துக்கும் இடைப்பட்ட எங்கள் தெருவில் அப்போது இரண்டு பழைய பார்கள் எதிரெதிரே இருந்தன. ஒன்று மொகாந் என்ற அல்ஜீரியருடையது. தொலைக்காட்சியில் எப்போதும் குதிரைப் பந்தயம் ஓடும். மேசையில் ஒரு தட்டு நிறைய அவித்த முட்டை இருக்கும். மற்றது எங்களுடையது. ஒரு வயதான பிரெஞ்சுக்காரியிடமிருந்து குணம் அண்ணை வாங்கியது. பெயர்ப்பலகையில் அந்த அம்மாவின் பெயரே கடைசிவரை இருந்தது. மாற்றினால் குடிகாரர் வழிதவறிவிடுவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இரண்டிலும் தரை ஒட்டும். இரண்டிலும் கழிவறைக்குப் போகும் படியில் தலை இடிக்கும். காலையில் பிரெஞ்சுக் கிழவர்கள் வந்து கோப்பியோடு ஒரு சின்னக் கிளாஸ் கொன்யாக் குடிப்பார்கள். மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள். பெரும்பாலும் ரெஸ்ரோறண்டுகளில் வேலை செய்பவர்கள், மாலை வேலை தொடங்கும் முன் வருவார்கள். பின்மேசையில் முந்நூற்றுநாலு சீட்டு விளையாட்டு. அந்த மேசைக்குத் தலைவர் யோகண்ணை.

வந்திருந்தவர்கள் எல்லோரும் தொலைபேசியில் வேறெங்கோ இருந்தார்கள். "ஓம், விசா அலுவலாய் பிரெபெக்தூரிலை நிக்கிறன். சரியான சனம்." "ஓம், ஓம், கோயில்லை நிக்கிறன்." ஒருவர் இப்படிச் சொன்னபோது யோகண்ணை கரண்டியால் கிளாஸைத் தட்டி மணியடித்துக் கொடுத்தார். வீட்டம்மா நம்பிவிட்டாராம்.

நான் சேர்ந்த நாளில், கவுண்டருக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண் நிற்பதைக் கண்டு எல்லோரும் "ஒரு கோப்பி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணால் பியர்க் குழாயைக் காட்டினார்கள். கேட்டதைக் கொடுப்பதுதானே கடமை. நான் கோப்பியே கொடுத்தேன். அன்று அந்த மேசை முழுக்கக் கோப்பி குடித்தது. குணம் அண்ணை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பிள்ளை, படிச்ச பிள்ளையெண்டுதானே எடுத்தனான். கண்ணையும் வாசியும்" என்றார்.

வாசிக்கப் பழகினேன். அவர்களும் பழகினார்கள். சில மாதங்களில் நான் அங்கே நிற்பதை யாரும் கவனிக்காத நிலை வந்தது. அது எனக்குப் பெரிய நிம்மதி.

போத்தலில் நிற்கிற பெண்

பிரான்ஸில் மதுப் போத்தல்களில் ஒரு சின்னப் படம் இருக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கையில் கிளாஸுடன் நிற்கும் பெண், அவளுக்குக் குறுக்கே ஒரு கோடு. கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்று பொருள். நான் தினமும் துடைத்த போத்தல்கள்தாம். என்னையும் அந்தப் படத்தையும் சேர்த்து யாரும் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை.

ஏப்ரனைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு சமாளித்து வந்தேன். ஒருநாள் மேல்தட்டில் இருந்த கிளாஸை எடுக்கப் பக்கவாட்டில் திரும்பினேன். கவுண்டரில் நின்ற யோகண்ணை ஒரு போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை நிக்கிறது நீங்களோ?"

நான் ஏப்ரனை இழுத்துவிட்டேன்.

"எல்லாப் போத்திலிலையும் நிக்கிறியள். குறுக்காலை கோடுதான் குறை."

பின்மேசை சிரித்தது. பிறகு சட்டென்று அடங்கியது. யோகண்ணை கையிலிருந்த கிளாஸைச் சுட்டதுபோல் கீழே வைத்தார். "ஐயோ, பிள்ளைத்தாச்சியைக் கொண்டோ இவ்வளவு நாளும் ஊத்துவிச்சுக் குடிச்சனாங்கள்!"

அதற்குப் பிறகு எங்கள் பாரில் யாரும் பியர் கேட்கவில்லை.

சனம் கும்பிட வருது

ஆனால் வந்தார்கள். அதுதான் பிரச்சினை. ஒருவர் செவ்விளநீர் கொண்டுவந்தார். ஒருவர் மோதகம். ஒருவர் மாதுளம்பழம். "சுகமோ பிள்ளை? கனக்க நிக்காதையுங்கோ" என்று கேட்டுவிட்டு, பக்தியோடு இரண்டு அடி பின்னால் நகர்ந்து, தெருவைக் கடந்து மொகாந்திடம் போய்க் குடித்தார்கள். எங்கள் கவுண்டர் பழக்கடை மாதிரி ஆகிவிட்டது.

"உமக்குச் சனம் கும்பிட வருது" என்றார் குணம் அண்ணை. "எனக்குக் குடிக்கத்தான் ஆள் வேணும். மாச முடிவிலை உம்மடை கொன்ரா முடியுது. இப்பிடியே போனால் நீட்டேலாது. குறை நினையாதையும்."

என்னுடையது தவணை ஒப்பந்தம். அது நீளாவிட்டால், மகப்பேற்று விடுப்புக்குத் தேவையான வேலை மணித்தியாலங்கள் எனக்குச் சேராது. விடுப்புக் காசு கிடைக்காது. என் கணவர் ஒரு சமையலறையில் வேலை செய்கிறார். அவருடைய சம்பளம் வாடகையோடு முடிந்துவிடும். "வேலையை விடும், பாப்பம்" என்றார் அவர். பாப்பம் என்று சொல்லி எந்தக் கடையிலும் குழந்தைப் பால்மா தரமாட்டார்கள்.

குணம் அண்ணைக்கும் மனம் கேட்கவில்லை. கவுண்டரின் மேல் சிப்ஸ் பெட்டிகளை அடுக்கி, என் தலை மட்டும் தெரியும்படி மறைத்துவிட்டார். யோகண்ணை கதவால் எட்டிப் பார்த்தார். "இப்ப அசல் சாமிப்படம் மாதிரி இருக்கு. சூடம் கொளுத்தட்டோ?" என்றார். தெருவைக் கடந்து போய்விட்டார்.

மொகாந்தின் கடையில்

அன்றிரவு எனக்கு நித்திரையில்லை. ஆண்களைக் குடிக்கச் சொல்லிக் கேட்பது சரியா? அவர்களின் மனைவிமாரைக் கோயிலில் காண்கிறேன். எப்படியும் குடிக்கிறார்கள், இடம்தான் மாறியிருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொன்னேன். பிறகு, பிழையான காரியத்துக்கு நியாயம் தேடுகிறேனோ என்று பயந்தேன். மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போனேன்.

நான் அறிய எங்கள் பெண்கள் யாரும் மொகாந்தின் பாருக்குள் போனதில்லை. கதவைத் திறந்ததும் கிளாஸ்கள் மறைந்தன. ஒன்று பத்திரிகைக்கு அடியில் போனது. ஒன்று தொப்பிக்குள் போனது. ஒருவர் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு இருமினார். யோகண்ணை கிளாஸை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, பியர் தரையில் சொட்ட, "சுகமோ பிள்ளை?" என்றார்.

"சுகமில்லை. நீங்கள் இஞ்சை குடிச்சால் அங்கை எனக்கு வேலை போகுது." கையைக் கூப்பிவிட்டேன். "தயவுசெய்து எங்கடை கடையிலை வந்து குடியுங்கோ, அண்ணை."

மொகாந்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் வாடிக்கையாளர்களை ஒருத்தி கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்பது விளங்கியிருக்க வேண்டும். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு முட்டையை உரித்துத் தந்தார்.

"பிள்ளை, கோவிக்காதையுங்கோ" என்றார் யோகண்ணை. "பிள்ளைத்தாச்சியின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு குடிச்சால் எங்களுக்குத் தொண்டையாலை இறங்குதில்லை."

"அப்ப முகத்தைப் பாராதையுங்கோ. முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு குடியுங்கோ."

எனக்கே தெரியாமல் வாயில் வந்த வார்த்தை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

முதுகுகள்

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். கிளாஸை வாங்கினார்கள், ஒழுங்காகத் திரும்பி நின்று, தெருவைப் பார்த்துக் குடித்தார்கள். இன்னொன்று வேண்டுமென்றால் தோளுக்கு மேலால் ஒரு விரல் உயரும். முதுகை வைத்தே ஆளை அறியப் பழகினேன். ஒரு பிரெஞ்சுக்காரர் இது உங்கள் சமயச் சடங்கா என்று கேட்டார். "ஓமெண்டு சொல்லும்" என்றார் குணம் அண்ணை. அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு.

யாரும் ஒன்றை யோசிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டினால் தெருவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். தெருப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தத் தெருவால்தான் எங்கள் பெண்கள் மரக்கறி வாங்கிக்கொண்டு சில்லு வைத்த தள்ளுபையை இழுத்துப் போவார்கள்.

ஒரு பின்னேரம் ராணி அக்கா, யோகண்ணையின் மனைவி, கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே யோகண்ணை, மீசையில் நுரையுடன். இருவருக்கும் நடுவில் கண்ணாடி மட்டும்தான். அவர் தள்ளுபையோடு உள்ளே வந்தார்.

"இஞ்சாருங்கோ, பல்லு டொக்டர் இப்ப பியரோ எழுதிக் குடுக்கிறவர்?"

"அது வந்து... இந்தப் பிள்ளை பிள்ளைத்தாச்சி. அதுதான் மரியாதைக்கு நாங்கள் திரும்பி நிண்டு..."

ராணி அக்கா முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நான் உங்களுக்கு மூண்டு பெத்தனான். ஒருக்கால் எண்டாலும் திரும்பி நிண்டனீங்களே?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தினை மாசம் பிள்ளை?"

"ஆறு, அக்கா."

"ஆறு மாசத்தோடை நிண்டே வேலை செய்யிறாய். முதுகைக் காட்டுற மரியாதை தெரிஞ்ச இவ்வளவு பேரிலை ஒரு கதிரை எடுத்துத் தர ஒருத்தருக்கும் தோன்றேல்லை." பின்மேசையில் இருந்த ஒருவரை எழுப்பி, நாற்காலியைத் தூக்கிக் கவுண்டருக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். நான் அதில் இருந்தேன். பிறகு தானும் ஒரு மேசையடியில் அமர்ந்து, "எனக்கும் அதிலை ஒண்டு ஊத்து, பாப்பம்" என்றார்.

நான் குணம் அண்ணையைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தக் கசாயத்துக்கோ இவ்வளவு பொய்?"

ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

அடுத்த கிழமை ராணி அக்கா இரண்டு சிநேகிதிகளோடு தேத்தண்ணி குடிக்க வந்தார். பிறகு இன்னும் சிலர். பியர் முன்புபோல் ஓடவில்லை என்பது உண்மை. மனைவிக்கு முன்னால் இரண்டாவது கிளாஸ் கேட்க எல்லோருக்கும் துணிவு வராது. ஆனால் தேத்தண்ணியும் றோல்ஸும் ஓடின. பெண்கள் வந்தால் அவர்களைக் கூட்டிப்போகக் கணவர்களும் வந்தே ஆகவேண்டும். மாச முடிவில் குணம் அண்ணை, என் மகப்பேற்று விடுப்பு முடியும்வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டினார். "உம்மாலை என்ரை பார் கோயில் மடமாய்ப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது இரண்டு பார்களும் இல்லை. எங்களுடையதில் தொலைபேசி விற்கிறார்கள். மொகாந்தின் இடத்தில் தாடி வளர்த்த பையன்கள் உயரமான ஸ்டூல்களில் உட்கார்ந்து வைன் குடிக்கிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் முதுகைக் காட்டுவதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை.

நான் சொல்வதில் பிழை இருந்தால் மன்னியுங்கள், தங்கைகளே. வேலை இடத்தில் உங்களுக்கு மரியாதை தருகிறோம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு, கதிரை எங்கே என்று கேளுங்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, ராணி அக்கா கேட்டார். கதிரையில் இருந்துகொண்டும் பியர் ஊற்றலாம். நான் விடுப்பு எடுக்கும்வரை அப்படித்தான் ஊற்றினேன்.