கேள்வி கேட்க வாங்கிய பங்கு

கரியமாணிக்கத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் கொடுப்பவன் நான். லைன் வராவிட்டால் ஊரே என்னைத் திட்டும். வந்தால் ஒரு ஆள் நன்றி சொல்ல மாட்டான். கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது பாக்யராஜைப் பற்றி.

பாக்யராஜ் டாக்சி ஓட்டுகிறவன். அப்பா, அம்மா கரும்பு வெட்டப் போனவர்கள். இவன் லைசென்ஸ் எடுத்து வில்லியனூர் முதலாளி ஒருவரிடம் சேர்ந்தான். வண்டி குலுங்காமல் ஓட்டுவான் என்று பிள்ளைத்தாய்ச்சிகள் இவனைத்தான் கேட்டு வாங்குவார்கள். பேச்சு மட்டும் திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். ஊரில் 'ரிப்பீட்டு' என்று பட்டப்பெயர். எதிரில் நிற்பவனுக்குப் பொறுமை ஏது? இவன் சொல்ல வந்ததைத் தானே சொல்லி முடித்துவிடுவான், பெரும்பாலும் தப்பாக. பரோட்டா கேட்கப் போனவன் பஜ்ஜி தின்றுவிட்டு வருவான்.

முதலாளி புது வண்டி எடுத்தார். ஏசி, பாட்டு, போகும் வழி, எல்லாம் வாயால் சொன்னால் போதும், வண்டியே செய்யும். தமிழும் தெரியும். பட்டன்கள் கிடையாது, ஓட்டும்போது திரையைத் தொடக் கூடாது என்று முதலாளி உத்தரவு. இவன் "ஏ... ஏ..." என்பதற்குள், "மன்னிக்கவும், புரியவில்லை" என்று ஒரு பெண் குரல் குறுக்கே விழும். ஒருநாள் கல்யாணத்துக்குப் போகிற கும்பல் ஒன்று பின்சீட்டில். வண்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது, கும்பல் சிரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா சொன்னாள்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டான். அங்கேயும் மெஷின்தான். இவன் வாயைத் திறப்பதற்குள் அது வைத்துவிட்டது.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தான். காருக்கு அந்தக் குரலைச் செய்து கொடுப்பது சென்னையில் ஒரு கம்பெனி, அதன் பங்கு சந்தையில் விற்கிறது என்று தெரிந்துகொண்டு, போனிலேயே கணக்குத் தொடங்கி இருபது பங்கு வாங்கினான்.

"வாயே வராதவன் வாய்க் கம்பெனில பணம் போட்டிருக்கான்டா!" என்று டீக்கடை செல்லப்பன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

எனக்கு ஆத்திரம். "இன்னாபா, பாம்புக்குப் பால் வாக்கிறியா? உன்ன அசிங்கப்படுத்துனவனுக்கே காசு குடுக்கிற?" என்று கேட்டேன்.

"வ... வருசத்துக்கு ஒரு கூட்டம் போடுவான்," என்றான். "ப... பங்கு வச்சிருக்கவன் கே... கேள்வி கேக்கலாம். சே... சேர்மன் உக்காந்து கேட்டுத்தான் ஆவணும்."

பங்கு விலை இறங்கியது. அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவன் பேசுவதை ஒருத்தராவது கடைசிவரை கேட்க வேண்டும், அதற்குத்தான் வாங்கினான்.

கூட்டம் ஆன்லைனில் நடந்தது. பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தான். லைன் கெட்டுவிடக் கூடாது என்று என் வீட்டுக்கே வந்தான், இஸ்திரி போட்ட சட்டையும் ஸ்டெல்லாவுமாக. லேப்டாப்பைப் போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு முன்னால் பேசியவர்கள் டிவிடெண்ட் கேட்டார்கள், சேர்மனைப் புகழ்ந்தார்கள். ஒரு பெரியவர் கவிதையே வாசித்தார்; முடியும்வரை கேட்டார்கள். பிறகு இவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வ... வ... வணக்கம். உ... உ... உ..."

"சார், உங்க சிக்னல் விட்டு விட்டு வருது," என்றாள் கூட்டத்தை நடத்திய பெண். "கேள்விய மெயில்ல அனுப்பிடுங்க. அடுத்த பங்குதாரர் பேசலாம்." அவன் மைக்கை அணைத்துவிட்டாள்.

சிக்னலாம்! நான் இழுத்த லைனில்! எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். பாக்யராஜ் முகம் வெளுத்துப்போனது. ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"எழுந்து வாய்யா, வூட்டுக்குப் போலாம்," என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. திரையில் கை தூக்கும் குறியை அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் பேசி முடித்தார்கள். லைன் கட்டானவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்று சொல்லி அந்தப் பெண் மறுபடி இவனைக் கூப்பிட்டாள்.

ஸ்டெல்லா லேப்டாப் பக்கம் சாய்ந்து, "நீ இரு, நான் சொல்றேன்," என்றாள். பாக்யராஜ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"சி... சி... சிக்னல் நல்லாத்தாம்மா இருக்குது," என்றான். "தி... திக்கறது நானு."

அந்தப் பெண் இந்த முறை மைக்கை அணைக்கவில்லை.

"வ... வண்டியில உங்க குரலும் இ... இப்பிடித்தான். பா... பாதியில வுட்டுட்டுப் பூடுது."

அவன் அடுத்த வார்த்தைக்குத் திணறிக்கொண்டிருந்தான். அந்தப் பெண், "ரொம்ப நன்றி சார், உங்க கருத்த நாங்க..." என்று தொடங்கினாள்.

"இ... இரும்மா," என்றான் பாக்யராஜ். "நா... நான் இன்னும் மு... முடிக்கல."

அவள் நிறுத்திக்கொண்டாள்.