பின்பக்கமாகத் தர்மபுரம் போன லொறி

போன கிழமை வவுனியாவில் மகனின் வானைத் திருத்தக் கொடுத்துவிட்டு, கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்த பெடியன் வானுக்கு அடியில் ஒரு தாச்சியை வைத்துப் பழைய கியர் எண்ணெயை வடித்தான். கெட்டுப்போன வெங்காய மூட்டையை அவிழ்த்த மாதிரி ஒரு மணம். மகன் மூக்கைப் பொத்தினான். நான் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன்.

"ஃபோனிலை பாத்தனான் அம்மா. பின் அச்சுக்குள்ளை இருக்கிற பல்லுச் சக்கரத்தை நாங்களே மாத்தலாமாம்" என்றான்.

"மாத்தலாம். மாத்தின பிறகு வாகனம் எந்தப் பக்கம் போகும் எண்டும் சொன்னவையோ?" என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் விசுவமடுவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். பெயர்தான் பெரிது. கடிதம் எழுதுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, தலைவருக்குத் தேநீர் போடுவது எல்லாம் நானே. சங்கத்துக்கு ஒரு லொறி இருந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போனதா, அவனே வேண்டாமென்று எறிந்ததா என்று தெரியாது. யுத்தத்தில் பெற்றோல் தடை என்பதால் அது மண்ணெண்ணெயில் ஓடியது. காலையில் ஊசியால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்புவார்கள். எழும்பிய பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு இருமி இருமிப் போகும். உரம், நெல், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிற சனம் எல்லாவற்றையும் அதுதான் சுமந்தது.

சாரதி மரியான் அண்ணை. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவர். யுத்தத்தில் கரையைவிட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது மனுசியோடும் மூன்று பிள்ளைகளோடும் விசுவமடுவுக்கு வந்தவர். வயல் வேலை அவருக்குச் சரிவரவில்லை. நாற்றைப் பிடித்தால் தூண்டிலைப் பிடித்த மாதிரி இருக்கும் என்று பெண்கள் சிரிப்பார்கள். லொறியின் சுக்கான் கையில் வந்த பிறகுதான் மனிதருக்கு முகத்தில் களை வந்தது. "இதுவும் ஒரு வள்ளம்தான் தங்கச்சி, தண்ணி இல்லாத வள்ளம்" என்பார்.

அந்த வருடம் புரட்டாதியில் லொறியின் பின்பக்கம் கறகறவென்று அரைக்கத் தொடங்கியது. இரண்டு பின்சில்லுகளுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு தொங்குமே, அதற்குள் ஒரு பெரிய பற்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமும் இருக்கும். பெரியதில் நாலு பல் போய்விட்டது. வவுனியாவுக்குக் கொண்டுபோக வழியில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு கராஜ்காரர் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். விதைநெல் பத்து நாளில் தர்மபுரத்துக்குப் போகவேண்டும். மழை பிடித்துவிட்டால் வயல் பாதையில் மாட்டுவண்டிகூட இறங்காது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். உறுப்பினர் பாதிப் பேருக்கு லொறியே வேண்டாம். அதன் இயந்திரத்தைக் கழற்றி அரிசி மில் ஒன்று ஓட்டவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. மற்றப் பாதி, தர்மபுரத்தில் கோழிக்கூடாகக் கிடந்த இதே மாதிரி லொறியின் பற்சக்கரங்களை வாங்கி நாங்களே மாற்றலாம் என்றது. மரியான் அண்ணை உறுப்பினர் அல்லர். வாசல்படியில் இருந்தபடி ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தார்.

"நடுக்கடலிலை இயந்திரத்தைக் கழட்டிப் பூட்டினனான். உது தரையிலை நிக்கிற சாமான். கைதவறி விழுந்தாலும் தாழாதுதானே?"

மூன்று கை அந்தப் பக்கம், மூன்று கை இந்தப் பக்கம். தலைவர் கந்தையா அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி நெல் செய்தவர். மூன்று விரலால் திருநீறு பூசாமல் பேனையைக்கூடத் தொடமாட்டார். அவருக்கும் மில் ஆசை உண்டு. ஆனாலும் படியில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "சரி, பாப்பம். விதைநெல் போற நாளுக்கு லொறி ஓடாட்டில் இயந்திரம் மில்லுக்கு" என்று கையைத் தூக்கினார். நான் அதை எழுதினேன். எழுதும்போது மரியான் அண்ணையின் வேலையும் அந்த வரிக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. வெட்டி வெட்டி எழுதினேன்.

வேலை தொடங்கியதும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இருக்கைக்கு அடியில் எலி அரித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது, லொறியைக் கழற்றிப் பூட்டும் முறை பற்றியது. சங்கத்தில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். எவ்வளவு படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நெல்மூட்டையில் ஏறியிருந்து தமிழில் வாசித்தேன். "கழட்ட முதல் மேல்பக்கத்தை அடையாளம் பண்ணட்டாம்" என்றேன். அந்த ஒரு வரியைச் சரியாக மொழிபெயர்த்தேன் என்று இன்றும் எனக்குப் பெருமை.

அடையாளம் பண்ணப் பெயின்ற் எங்கே போவது? என் பையிலிருந்த சாந்துப்பொட்டுப் போத்தலைக் கேட்டார் மரியான் அண்ணை. அந்த நாட்களில் சாந்துப்பொட்டு என்றால் ஈச்சங்குச்சியால் தொட்டு, அளந்து வைக்கிற சாமான். மனமில்லாமல்தான் கொடுத்தேன். கூட்டுக்கு முன்னால் பூட்டியிருந்த வட்டமான இரும்புத் தலையில், மேல்பக்கம் ஒரு பொட்டு வைத்தார். பிறகு தலையைக் கழற்றி, கோழியெச்சம் கழுவிய புதுச் சக்கரங்களை அதற்குள் பூட்டினார். பல்லோடு பல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, பல்லுக்கெல்லாம் என் பொட்டைத்தான் பூசிச் சுழற்றினார். இடைவெளிக்குப் பால்மாப் பேணியை வெட்டிய தகடு. இரண்டு நாளில் போத்தல் பாதியாகிவிட்டது. மிச்சத்தை மிச்சமாகவே வைக்க நான் நெற்றியில் பொட்டில்லாமல் வீட்டுக்குப் போக, அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

மூன்றாம் நாள் மத்தியானம் மரியான் அண்ணையும் உதவிக்கு நின்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். தலை சாக்கின்மேல் கிடந்தது. தலைவர் திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"பூட்ட முதல் ஒரு பொட்டு வைக்கவேணும் பிள்ளை. குங்குமம் முடிஞ்சு போச்சு. உம்மட்டை ஏதும் இருக்கோ?"

நான் அதே போத்தலை நீட்டினேன். அவர் தலையை ஈரத்துணியால் அன்பாகத் துடைத்தார். துடைத்ததில் ஏற்கெனவே இருந்த பொட்டுப் போனது. மேலே தெரிந்த பக்கத்தில் மூன்று கோடு இழுத்து, நடுவில் வட்டமாகப் பெரிய பொட்டொன்று வைத்தார். மேலே தெரிந்தது உண்மையில் கீழ்ப்பக்கம். அது எனக்குத் தெரியும். சாமி விசயத்தில் வாய் வைப்பதா என்று பேசாமல் இருந்தேன். அந்த மௌனம்போல் முட்டாள்தனம் நான் பிறகும் செய்ததில்லை, கலியாணத்தைத் தவிர.

மரியான் அண்ணை வந்தார், பொட்டைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்துச் சிரித்தார், சிலுவை போட்டுக்கொண்டு பொட்டு மேலே இருக்கும்படி தூக்கிப் பூட்டினார். சுற்றிவர ஒரே இடைவெளியில் ஆணித் துளைகள். எப்படிப் பிடித்தாலும் பொருந்தும். பழைய எண்ணெயில் இலுப்பை எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள். லொறி கோயில் விளக்குப்போல் மணத்தது.

அடுத்தநாள் விதைநெல் ஏற்றும் நாள். உறுப்பினர் எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். மரியான் அண்ணை முதலாம் கியரைப் போட்டார். லொறி கறகறப்பே இல்லாமல், வெண்ணெய்போல், பின்னுக்குப் போய் வேலியில் முட்டியது. இரண்டாம் கியர், இன்னும் வேகமாகப் பின்னுக்கு. பின்னோக்கும் கியரைப் போட்டார். ஆமைபோல் முன்னுக்கு வந்தது. தலை தலைகீழாகி, பெரிய சக்கரம் மற்றப் பக்கத்துக்கு மாறியதில் லொறிக்கு நாலு பின்கியரும் ஒரு முன்கியரும் வந்துவிட்டன.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர், "மில்லு ஆசையிலை தலைவர்தான் வேணுமெண்டு பிரட்டி வைச்சவர்" என்றார். சிரிப்பு நின்றது. கந்தையா அண்ணையின் வாய் கோணியது. மரியான் அண்ணை சுக்கானில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"அவர் சாமிக்குத்தான் வைச்சவர். போத்தலைக் குடுத்தது நான். பக்கம் பிழையெண்டு தெரிஞ்சும் சொல்லாமல் நிண்டதும் நான்தான்" என்றேன்.

கழற்றிப் பூட்ட இன்னொரு நாள் வேண்டும். வானம் கிழக்கே கறுத்துவிட்டது. மரியான் அண்ணை தலையை நிமிர்த்தினார். "மூட்டையை ஏத்துங்கோ" என்றார்.

"அந்த ஒரு கியரிலை முன்னுக்குப் போனால் இயந்திரம் கொதிச்சுப்போம் அண்ணை" என்றார் ஒருவர்.

"ஆர் முன்னுக்குப் போறது?"

விசுவமடுவிலிருந்து தர்மபுரத்துக்கு நாலு மைல் கட்டையையும் அந்த லொறி பின்பக்கமாகவே போனது. பின்னால் பாதி தெரியாத பாதைக்கு என்னையே கண்ணாக வைத்தார். செய்த குற்றத்துக்குத் தண்டனை. மூட்டைகளின் வால்பக்கத்தில் ஏறியிருந்து இடம், வலம் என்று கத்தினேன். என் இடது அவருக்கு வலதாகி ஒரு வேலியைச் சாய்த்த பிறகு, "மாட்டுப்பக்கம் வெட்டுங்கோ! தென்னைப்பக்கம்!" என்று கண்ணில் பட்டதைச் சொன்னேன். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்று கும்பிட்டார்கள், எதைக் கும்பிட்டார்களோ. தலைவரும் ஏறி வந்தார். வழிநெடுகத் திருநீற்றுத் தட்டை மடியில் வைத்திருந்தார். கடைசி மூட்டையை இறக்கும்போது மழை தொடங்கியது. இயந்திரத்தை மில்லுக்குக் கேட்க அதன்பின் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த கிழமை தலையைக் கழற்றி நேராகப் பூட்டினார்கள். லொறி இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு முல்லைத்தீவுக் கரைக்குச் சனம் திரும்பிப் போகலாம் என்ற காலம் வந்தது. ஒரு காலை மரியான் அண்ணை குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து சாவியை என் மேசையில் வைத்தார்.

"இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தின லொறியை விட்டிட்டுப் போறியளே அண்ணை?"

"லொறியையோ காப்பாத்தினனான்? கரை திறக்குமட்டும் என்னையெல்லோ காப்பாத்தினனான் தங்கச்சி."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். வேறு சாரதி கிடைக்காமல் இயந்திரம் மில்லுக்குப் போனது. மில்லும் சங்கக் கட்டடமும் பிந்திய யுத்தத்தில் போயின. கந்தையா அண்ணை வெளிநாட்டில் மகளோடு இருந்து காலமானதாகக் கேள்வி. மரியான் அண்ணை இவை எல்லாவற்றுக்கும் முன்னமே போய்விட்டார். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலையில் அவரும் மனுசியும் கரையில்தான் இருந்தார்கள். நான் தேடிப் போனபோது அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்தச் சாவியை நான் வாங்கியிருக்கக் கூடாது.