நாலரைக்குள் கேட்டைத் தாண்டியவர்கள்

ஐந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். எல்லாம் தினசரி காலண்டரில் கிழித்தவை. ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு வரி: "8.10, சேறு தெரிகிறது." "8.10, தண்ணீர் மேலே." முப்பத்தாறு வயது ஜெயபாரதி, தொலைபேசி இணைப்பகத்து வேலைக்குப் போகும்போது அடையாறு பாலத்தின் மேல் பேருந்திலிருந்து பார்த்து இரண்டு வருடமாக எழுதியவை. அடுக்கிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்கும் நேரம் திதியோடு நகர்கிறது. திதியைச் சொன்னால் எத்தனை மணிக்குச் சேறு தெரியும், பறவை இறங்கும் என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கணக்கை வைத்து, ஆற்றோரப் பூங்காவின் கிழக்கு மூலையில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தினார். எட்டுப் பேர் வருவார்கள், சில வாரம் ஐந்து. குடியிருப்போர் சங்கம் அதே மூலையில் ஷட்டில் கோர்ட் போட நினைத்தது. செயலாளர் பத்ரிநாராயணன் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: 1996 ஜனவரி 7 அன்று முப்பது குழந்தைகள் வந்தால் மூலை வகுப்புக்கே.

அன்று ஞாயிறு, பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். நாலரைக்குச் சேறு நன்றாகத் தெரியும். மயிலாப்பூர் மாட வீதிகள் வரை நோட்டீஸ் ஒட்டினார். வெள்ளிக்கிழமை இரவுக்குள் பதினாறு வீடுகளிலிருந்து போன். ஞாயிறு நாலரை ராகு காலமாச்சே, குழந்தையை எப்படி அனுப்புவது? இரண்டு வருடமாகக் காலண்டர் தாளில் திதியைப் பார்த்தவர், அதே தாளில் ராகு காலத்தைப் பார்க்கவே இல்லை.

நேரத்தை ஆறுக்கு மாற்றினால் இருட்டிவிடும். காலையில் தண்ணீர் நிறைந்திருக்கும். சனிக்கிழமை பூங்காவில் உட்கார்ந்து புலம்பியபோது, பெருக்கிக்கொண்டிருந்த ஜைதூன் பீ துடைப்பத்தை நிறுத்தினார்.

"ராகு காலத்துல ஆரம்பிக்கக் கூடாது, அவ்ளோதான? நாலேகாலுக்கே உள்ள இட்டாந்துடு. நடந்துகினு கீற வேலைய ராகு இன்னாம்மா பண்ணுவாரு?"

ஜெயபாரதி வீட்டுக்குப் போய் அத்தனை வீட்டுக்கும் போன் செய்தார். இணைப்புக் கொடுப்பதே தொழில். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

ஞாயிறு நாலு மணிக்கு கேட்டில் நெரிசல். ஜைதூன் பீ கையில் கடிகாரத்தோடு ஆட்களை உள்ளே விரட்டினார். நாலு இருபத்தெட்டுக்குக் கடைசி ஆட்டோ வந்தது. மூன்று பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. தண்ணீரின் ஓரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சியை நட்டார்கள். அரைமணியில் தண்ணீர் குச்சியை விட்டு நாலு எட்டு தூரம் விலகியிருந்தது. நண்டு வளைகளை எண்ணினார்கள், சண்டை போட்டு மறுபடி எண்ணினார்கள்.

சபாவில் மார்கழிக் கச்சேரி முடிந்து பத்ரிநாராயணன் வந்தபோது மணி நாலு நாற்பது. கேட் அருகே கடிகாரத்தைப் பார்த்தார், கால் எழவில்லை. மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க மாமா," என்றாள் எட்டு வயது ஷ்ரேயா.

"ஆறு மணிக்கு வரேன். அந்தச் சிவப்புக் கால் பட்சிக்கு என்ன பேரு?"

"பவழக்கால் உள்ளான். இருபத்தேழு இருக்கு. வெளியில நின்னா ஒம்பதுதான் தெரியும்."

"அந்த பைனாகுலரை இப்படிக் குடேன்."

மதில் மேலேயே முழங்கையை ஊன்றி, மணி ஆறு அடிக்கும் வரை பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. உள்ளே வந்ததும் சங்கத்துக்காரர்களிடம் சொன்னார்: "கோர்ட்டை மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போட்டுக்கோங்கோ. இந்த மூலை குழந்தைகளுக்கு."

பொங்கலையொட்டி அடுத்த ஞாயிறு விடுமுறை. அடுத்த வகுப்பு ஜனவரி 21, பிரதமை. கேட் மூன்றேகாலுக்குத் திறக்கும்.