போனில் வரைகிறவள் கண்காட்சிக்குப் போன கதை

நீங்களும் போனில் படம் வரைந்து இணையத்தில் போடுகிறவரா? அப்படியானால் "நாள் பூரா போன்தானா?" என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். நான் கண்டிக்கு அங்கால பன்வில பக்கம், தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்தவள். மகள் பாலர் பாடசாலையில் இருக்கிற நேரத்தில் சமையலையும் முடித்துவிட்டு வரைகிறேன்.

என் படங்கள் அசையும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தகரக் கூரையிலிருந்து மழை சொட்டும். ஒரு அம்மா வாளியோடு ஓடுவாள். வாளியை வைத்ததும் சொட்டு வேறு இடத்தில் விழும். மறுபடி ஓடுவாள். முடிவே கிடையாது. எங்கெங்கோ இருந்தெல்லாம் பார்த்துவிட்டு, "எங்க வீடும் இப்படித்தான்" என்று எழுதினார்கள். ஆனாலும் கண்டியில் வருஷா வருஷம் நடக்கும் சித்திரக் கண்காட்சியில் அது ஒரு தடவை இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அங்கே வைத்தால்தானே நம் ஊரில் ஓவியர் என்பார்கள்? இந்த வருஷம் விண்ணப்பித்தேன்.

சீல்

விண்ணப்பதாரி ஓவியர்தான் என்று கிராம சேவகர் ஒப்பம் வைக்க வேண்டுமாம். நாம் இந்த ஊரில் குடியிருப்பதற்கே அவர்தானே சாட்சி. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். "பிரஷ், பெயின்ட் எல்லாம் எங்க?" என்றார். போனை நீட்டினேன். அம்மா ஓடுவதை இரண்டு தடவை பார்த்தார், சிரித்தார். பிறகு "ஓவியர்" என்று நான் எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, "படம் வரைவதில் ஆர்வமுள்ள இல்லத்தரசி" என்று எழுதி சீல் அடித்தார்.

ஏன் சேர் என்று கேட்டதற்குச் சொன்னார்: "போன் நோண்டுறவங்கள எல்லாம் ஓவியர்னு எழுதினா, நாளைக்குத் தோட்டமே என் வாசல்ல கியூவுல நிக்கும் பிள்ள."

பிரேம்

அடுத்த விதி, படம் பிரேம் போட்டிருக்க வேண்டும். அசைகிறதை எப்படிப் பிரேம் போடுவது? கேட்டுப் பார்த்தேன், விதி விதிதான் என்றார்கள். வேறு வழியில்லாமல் அம்மா கூரையை அண்ணாந்து பார்க்கிற ஒரு நொடியைப் பிடித்து, அச்சடித்து, கண்டி டவுனில் பிரேம் கடைக்கார நானாவிடம் கொடுத்தேன்.

அவர் பிரேம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பொம்புள வாளியோட மேல பாத்துட்டு நிக்கிறா, ஒங்கட பக்கம் பைப்புல தண்ணி வாறதில்லையா தங்கச்சி?"

யாருடையது?

கையெழுத்தும் சீலும் பிரேமுமாக, பஸ்ஸில் யார் முழங்கையும் படாமல் கொண்டுபோய்த் தெரிவுக் குழுவின் மேசையில் வைத்தேன். அங்கே இருந்த சேர் பிரேமைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்துத் தேடினார். அவருடைய குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் படம். யாரோ மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, ஒரு ரோஜாப் பூவும் "இனிய காலை வணக்கம்" என்றும் ஒட்டியிருந்தார்கள்.

"அது என்னோடதுதான் சேர்" என்றேன். முதல் கோட்டிலிருந்து வரைந்து வந்த ஒவ்வொரு படியையும் என் போனில் திறந்து காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மழை பெஞ்சா எனக்கு இதத்தான் எல்லாரும் அனுப்புறாங்க. நெட்டுல சுத்துறதை ஏத்துக்க ஏலாது பிள்ள, சொந்தமா வரைஞ்சது ஏதும் இருந்தா கொண்டு வாங்க."

பிரேமோடு வீடு வந்து சேர்ந்தேன். மகளுக்கு மட்டும் சந்தோஷம், கண்ணாடியில் முகம் தெரிகிறதாம்.

அழைப்பு

கண்காட்சி தொடங்கி மூன்றாம் நாள் அதே சேர் எனக்குப் போன் எடுத்தார். விண்ணப்பத்திலிருந்து என் நம்பரைப் பார்த்திருக்கிறார். மண்டபத்தில் ஈ, காக்கை இல்லையாம். இரண்டு நாளாகக் குழுக்காரர்களே ஒருவருக்கொருவர் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

"நெட்டுல ஒங்க பக்கத்துக்கு நெறையப் பேர் வாறாங்கன்னு என் மருமக சொன்னா. அந்த வாளிப் படம் மாதிரி, ஓடுற மாதிரியே, நம்ம கண்காட்சிக்கும் விளம்பரமா ஒண்ணு கீறி அதுல போட்டு விடுங்களேன் பிள்ள."

ஆக, சனத்தைக் கூட்டி வர மட்டும் எங்கள் கலை கலைதான் என்று தெரிந்துகொண்ட நான், அரிசி உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே அவரிடம் ஒன்று கேட்டேன்: "கீறித் தர்றேன் சேர், நீங்க மண்டபத்துல பிளக் பொயின்ட் பக்கமா, என் போனை மாட்டி வைக்க எனக்கு ஒரு இடம் ஒதுக்கி வைங்க."