பழுது எதுவும் பதிவாகவில்லை

என் கையெழுத்து அழகானது. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அதுதான் என்பதால் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் பேனா பிடித்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. தாத்தா ரயில்வேயில் எழுதினார், அப்பா துறைமுகத்தில் எழுதினார், நான் எழுபதுகளின் கடைசியில் பினாங்குத் தீவில் ஒரு பட்டாள வண்டிப் பணிமனையில் சிவிலியன் குமாஸ்தாவாக எழுதினேன். டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியலைக்கூட மையில்தான் எழுதவேண்டும். "பென்சிலாலை எழுதுறதெல்லாம் ஒரு எழுத்தோ?" என்பார் அப்பா. அந்தத் திமிர் அப்படியே எனக்கும் வந்தது.

பணிமனையில் என் பொறுப்பு பழுதுப் பதிவேடு. வண்டியில் கோளாறு என்றால் டிரைவர் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்து என் ஜன்னலில் நீட்டவேண்டும். நான் அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, மெக்கானிக்கிடம் அனுப்புவேன். பதிவேட்டில் ஏறாத பழுதை எந்த மெக்கானிக்கும் தொடமாட்டான். இருபத்து மூன்று வயதில் எனக்கு அது பெரிய அதிகாரமாகத் தெரிந்தது.

டிரைவர்களில் ஒருவர் தோட்டத்திலிருந்து வந்த தமிழர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய மூன்று டன் லாரிகள் இரண்டு எங்களிடம் இருந்தன. அவற்றை ஓட்டும் பொறுமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றி ஓட்டுவார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை ஒரு பழுதுச் சீட்டைக் கொண்டுவந்தார். பென்சிலில் எழுதியிருந்தது. நான் படிக்கவே இல்லை.

"அண்ணே, மையில எழுதிட்டு வாங்க. இதையெல்லாம் நான் ஏத்த முடியாது."

"பேனா ஒழுகுதுலா தங்கச்சி. பிரேக்கு சமாச்சாரம்."

"பிரேக்கோ என்னவோ, ரூல் ரூல்தானே அண்ணே?"

அவர் சிரித்துவிட்டுச் சீட்டை மடித்துக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நினைவில் நின்றிருக்கும் என்று நினைப்பதுண்டு. சிரித்ததுதான் நின்றுவிட்டது.

மறுநாள் பூஜை. அதிகாரி மலாய்க்காரர், நல்ல மனிதர், அரை நாள் மட்டும் என்று எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். லாரிகளைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். ஸ்டோர் மூலையில் சரஸ்வதி படம் வைத்து, ஸ்பேனர், சுத்தியலோடு என் பதிவேட்டையும் பேனாவையும் அடுக்கியிருந்தேன். அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கக்கூடாது, ஓர் எழுத்து எழுதக்கூடாது. சிறு வயதிலிருந்து எங்கள் வீட்டில் இதை மீறியவர் கிடையாது.

சுண்டல் பொட்டலங்களை விநியோகித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்று கையை நீட்டினார். சுண்டலுக்குத்தான் என்று நினைத்து ஒரு பொட்டலத்தை அந்தக் கையில் வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். "எதுவா இருந்தாலும் நாளைக்கு அண்ணே," என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் பாலிக் புலாவ் மலைப்பாதை இறக்கத்தில் அவர் ஓட்டிய லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே போனது. அரிசி மூட்டைகளும் அவரும் மட்டும்தான் அதில் இருந்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

விசாரணை வந்தது. பூஜை நாளென்றால் டிரைவர்கள் தண்ணி போடுவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. யாரும் பார்க்கவில்லை, இருந்தும் எல்லோரும் சொன்னார்கள். அந்த வண்டியைப் பற்றி முன்கூட்டியே புகார் உண்டா என்று எழுத்தில் கேட்டார்கள். நான் பதிவேட்டைப் புரட்டினேன். பிறகு வண்டி எண்ணைப் போட்டு, கடைசி மூன்று இலக்கம் 417, எனக்கே உரிய வட்டமான எழுத்தில் எழுதினேன்: பழுது எதுவும் பதிவாகவில்லை.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. டிரைவரின் கவனக்குறைவு என்று கோப்பை மூடினார்கள். அந்தப் பென்சில் சீட்டு எந்த லாரிக்கானது? இரண்டில் மற்றதாக இருக்கலாமே. மேலும், மையில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேனே, அவர்தானே கொண்டுவரவில்லை? இந்த இரண்டு சாக்குகளையும் வைத்துக்கொண்டு பதின்மூன்று வருஷம் ஓட்டினேன்.

அவருடைய மனைவியும் டத்தோ கிராமாட்டில்தான் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, ஒரே மகள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பசாரில் அவரைப் பார்த்தால் மீன் வாங்காமலே திரும்பிவிடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் கால்தான் முதலில் குறுகுறுக்கும். கல்யாணமாகிப் பாயான் பாருவுக்குக் குடிபோனபோது அம்மா அழுதாள். நான் அழவில்லை. அந்தச் சந்துகளிலிருந்து தப்பித்தேன் என்றிருந்தது.

ஆனால் அந்த டிரைவர் விடவில்லை. எங்கள் வீட்டுக் கார் இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஏது பிரேக்? கணவர் கேலி செய்வார். அவருக்குக் காரணம் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கணவரே அந்த லாரியை வீட்டுக்குள் கொண்டுவந்தார், பேச்சில். ஜுருவில் அவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வாடிக்கையாளர் ஒருவர் ஓய்வு பெற்ற சீன ஆசிரியர், பழைய பட்டாள வண்டிகளை வாங்கிப் புதுப்பிப்பதில் பைத்தியம். புதிதாக வாங்கிய லாரி எங்கே எப்போது வேலை செய்தது என்று தெரியவேண்டுமாம்.

"என் வைஃப் ஆர்மி ஆபீஸ்லதான் கிளார்க்கா இருந்தான்னு சொல்லிட்டேன். நீ வந்து பாரேன்," என்றார்.

தலைவலி என்றேன். அடுத்த வாரமும் தலைவலி. மூன்றாவது வாரம் போனேன். போகாமல் இருந்தால் இனி தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது.

ஜுருவில் ஆசிரியரின் தகரக் கொட்டகையில் லாரி நின்றது. சிவப்புப் பெயிண்ட், கதவில் சீன எழுத்தில் காய்கறி வியாபாரியின் பெயர். முன்புறம் முழுக்க மாறியிருந்தது. இது அந்த ஜாதி லாரிதான், ஆனால் நாடு முழுக்க எத்தனை இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் உற்சாகமாக மலாயில் விளக்கினார்: தயாரித்தவர்கள் அடித்த தகடு போய்விட்டது, பட்டாள எண் கதவில் பெயிண்டுக்கு அடியில் இருக்கலாம். என் கையில் ஒரு உப்புத்தாளைக் கொடுத்தார்.

தேய்த்தேன். சிவப்புக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சையில் வெள்ளையாக ஒரு கோடு, அதை ஒட்டி இன்னொன்று. முதலில் 7 வந்தது. கை நின்றுவிட்டது. ஆசிரியர் உப்புத்தாளை வாங்கி மீதியைத் தேய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் சந்தோஷமாக உரக்கப் படித்தார், கடைசியில் நான்கு, ஒன்று, ஏழு.

அதன் பிறகு நான் ஆசிரியருக்காகத் தேடவில்லை. எனக்காகத் தேடினேன். காய்கறி வியாபாரியைக் கேட்டேன், அவர் ஒரு மரப்பட்டறையிலிருந்து வாங்கியதாகச் சொன்னார். நீலப் பெயிண்ட் அவர்களுடையது. பட்டாளம் ஏலத்தில் விட்டபோது எடுத்தவர்களும் அவர்களே. பட்டறையில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்த தமிழ் மெக்கானிக்குக்கு அந்த வண்டி நன்றாக நினைவிருந்தது.

"அந்த லோரியா? வாங்கிட்டு வந்தப்பவே பிரேக் பம்ப் காலிம்மா. விழுந்ததுல போனது இல்ல. உள்ள ரப்பர் மாசக் கணக்கா தேஞ்சு கூழாப் போயிருந்துச்சு. ஆர்மியில யாரு பாத்தானுங்களோ, கண்ணு பொட்டையா?"

நான் தண்ணீர் கேட்டேன். அவர் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"புது பம்ப் நானே போட்டேன். அப்பவும் டிரைவருங்க நிக்கல. எறக்கத்துல பக்கத்து சீட்டுல யாரோ ஒக்காந்திருக்க மாதிரி இருக்காம். மலாய்க்காரப் பையன் ஒருத்தன் இதுல ஆளு இருக்குன்னு சொல்லிட்டு ஓடிட்டான். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா உள்ள டேஷ்போர்டு அடியில ஒரு துந்நூறு டப்பா ஸ்க்ரூ போட்டு அடிச்சிருக்கும். பழைய டிரைவர் வெச்சது. சாமி சமாச்சாரம்னு நான் தொடல. மொதலாளி டவுக்கேயும் எடுக்க வேணாம், அதுக்கு மேலயே பெயிண்ட் அடின்னுட்டாரு."

நீலம் அடித்தவர்களும் தொடவில்லை, சிவப்பு அடித்தவர்களும் தொடவில்லை. ஒரு சாமியின் டப்பாவை, அது யார் சாமியாக இருந்தாலும், எடுத்து எறிய இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

மறுநாள் ஜுருவுக்குப் போனேன். ஆசிரியர் சாப்பிடப் போயிருந்தார். லாரிக்குள் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. குனிந்து தடவினால் வட்டமான சிகரெட் டின் ஒன்று, மூடியோடு சேர்த்துப் பெயிண்ட் பூசி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தைக் கீறி நெம்பினேன். திருநீறு கட்டியாகிப் போயிருந்தது. அதன்மேல் நான்காக மடித்த ஒரு சீட்டு.

பழுதுச் சீட்டு. வண்டி எண் 417. பிரேக் ஆழமாகப் போகிறது, இறக்கத்தில் பிடிக்கவில்லை என்று மலாயில் இரண்டு வரி. அடியில் பென்சில் கோடு இன்னும் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தின்மேலும் மையால், பள்ளிப்பிள்ளை மாதிரி நிதானமாக, மறுபடி எழுதியிருந்தார். முதலில் இருந்த தேதியை அடித்து, பூஜை நாளின் தேதியைப் போட்டிருந்தார்.

அந்தக் கை அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. சுண்டலுக்காக நீட்டிய கை இல்லை அது. விரல்களுக்கு நடுவில் ஒரு தாள் இருந்தது. நான் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் பொட்டலத்தை வைத்தேன், இன்றைக்கு எழுதக்கூடாதே என்று. பதின்மூன்று வருஷம் இதை மட்டும் மறந்திருந்தேன். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சத்தமாக அழுதேன். ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போய் நின்றார். பிறகு சீட்டை நான் எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். அவர் அதைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார்.

டிரைவரின் மனைவியிடம் போவதற்கு எனக்குப் பத்து நாள் ஆனது. நல்ல நாள் பார்த்துப் போனதாக யாரும் நினைக்கவேண்டாம், தள்ளித் தள்ளிப் போட்டதில் ஆயுத பூஜையே வந்துவிட்டது. டத்தோ கிராமாட் சந்தில் கதவைத் தட்டினேன். அவருக்கு முடி நரைத்திருந்தது. மகள் பெரியவளாகி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். சாமிப் படத்துக்கு முன்னால் மகளின் பழைய பள்ளிப் புத்தகங்கள், மேலே ஒரு பேனா, குங்குமம்.

சீட்டைக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்தாள். அம்மா அதைக் கேட்கவில்லை, எழுத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளோட ஸ்கூல் பேனாவ வாங்கி, காலையில அந்த மேசையில ஒக்காந்து எழுத்து மேல எழுத்தா எழுதுனாரு. நல்ல நாளும் அதுவுமா எழுதுறீங்களேன்னு கேட்டேன். ஆபீஸ் தங்கச்சி மையில கேக்குது, என்னால அதுக்குத் திட்டு விழக்கூடாதுன்னாரு."

"அந்தத் தங்கச்சி நான்தான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலை, சுண்டலை, விசாரணைக்கு நான் எழுதிக்கொடுத்த வரியை.

அந்த அம்மா சீட்டை மகளிடமிருந்து வாங்கி மடித்தார். பிறகு கேட்டார், "அவரு குடிக்கலதானே?"

"குடிக்கலம்மா. பிரேக்தான்."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அத எழுதிக் குடு."

மகள் தயங்கினாள். "இன்னைக்கு எழுதக்கூடாதே அக்கா. நாளைக்கு வாங்களேன்."

"இன்னைக்கே எழுதணும்," என்றேன். படத்துக்கு முன்னாலிருந்த பேனாவை எடுத்தேன். மூடியில் குங்குமம் ஈரமாக இருந்தது. அவர் குடிக்கவில்லை, பிரேக் பழுதைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார், அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று எழுதி நீட்டினேன். மகள் உரக்கப் படித்துக் காட்டினாள்.

அந்த அம்மா தாளைத் திருப்பி என்னிடமே தள்ளினார்.

"ஏத்துக்கலன்னா? யாரு ஏத்துக்கல? உன் பேரைப் போடு."

எனக்கு முன்னால் இருந்தது அவருடைய கணவர் அன்று காலை எழுதிய அதே மேசை. அதில் தாளை வைத்து, அந்த வரியை அடித்துவிட்டு, நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதினேன். கீழே என் முழுப்பெயரையும் எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அதை நான் திருத்தவில்லை.